வெள்ளரிக்காயும் நீலக்கொடியும்

2012 மார்ச் 25, ஞாயிற்றுக்கிழமை. சின்னசேலத்தில் எங்கள் வீட்டில் மதியம் கரண்ட் இல்லை. அந்த வருடம் நினைவிருப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. சென்னையைத் தாண்டினால் தமிழ்நாட்டில் பாதி நாள் மின்வெட்டுதான். மலேசியாவின் செபாங்கில் ஃபார்முலா ஒன் பந்தயம் நம் நேரப்படி ஒன்றரை மணிக்குத் தொடங்கிவிட்டது. நான் டிவிக்கு முன்னால் அல்ல, வாசலில் காயப்போட்டிருந்த மக்காச்சோளத்துக்குப் பக்கத்தில் விசிறியோடு உட்கார்ந்திருந்தேன். இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த காலம். பந்தயத்தைப் பார்ப்பதற்காகவே அந்த வாரம் ஹாஸ்டலிலிருந்து ஊருக்கு வந்திருந்தேன்.

கரண்ட் வந்தபோது பந்தயம் முடிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. பத்து சுற்றுகூட ஓடாத நிலையில் செபாங்கில் பேய்மழை பெய்து, சிவப்புக்கொடி காட்டி நிறுத்திவிட்டிருந்தார்கள். ஐம்பது நிமிடத்துக்கு எல்லாக் கார்களும் குடைக்கடியில் நின்றிருக்கின்றன. திரையின் ஓரத்தில் வரிசைப் பட்டியல் ஓடியது. பத்தாவது இடத்தில் ஒரு பெயர். கார்த்திகேயன்.

டிவிக்காரன் தப்பாகப் போட்டுவிட்டான் என்று நினைத்தேன்.

தப்பில்லை. கடைசி வரிசையிலிருந்து கிளம்பிய நரேன் கார்த்திகேயனின் எச்ஆர்டி அணி ஆரம்பத்திலேயே கனமழை டயரை மாட்டிக்கொண்டு சூதாடியிருந்தது. மழை வலுத்ததும் மற்றவர்கள் டயர் மாற்ற உள்ளே போனார்கள், இவர் நேராகப் போய்க்கொண்டே இருந்தார். ஒரு வாரம் முன்னால் ஆஸ்திரேலியாவில் இதே அணியின் இரண்டு கார்களும் பந்தயத்தில் சேரவே தகுதி பெறவில்லை. தகுதிச் சுற்றில் முதல் கார் எடுக்கும் நேரத்தில் 107 சதவீதத்துக்குள் வரவேண்டும் என்பது விதி. அதற்குள் வரமுடியாத கார், ஒரு வாரம் கழித்து பத்தாவது இடத்தில் நின்றது.

அன்று மாலைக்குள் அந்தப் பெயரை உலகம் முழுக்க வேறொரு காரணத்துக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் அதில் சேர்ந்துகொண்டேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

*

முதலில் நரேன் எங்கிருந்து வந்தார் என்று சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் மோட்டார் பந்தயத்துக்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது. நம்மில் பலருக்கு அது 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் கார் ஓடியபோதுதான் கண்ணில் பட்டது. ஆனால் 1950களிலேயே சென்னைக்கு வெளியே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுபாதையில், பந்தயம் நடத்திக்கொண்டிருந்தார்கள். 1990ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் வந்தது. கோயம்புத்தூரில் கரிவரதன் என்ற மனிதர் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி. பணக்காரப் பையன்கள் மட்டுமே நினைத்துப் பார்க்க முடிந்த ஒன்றை, கொஞ்சம் குறைந்த பணக்காரப் பையன்களுக்கும் எட்டவைத்த கார் அது. 1995ல் கரிவரதன் சிறு விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிப்பாளையம் தடத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

நரேனின் அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் ராலி ஓட்டியவர். நரேன் ஃபார்முலா மாருதியில் தொடங்கி, பிரான்சில் பயிற்சி எடுத்து, 1996ல் ஃபார்முலா ஆசியா சாம்பியன் ஆகி, 2005ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னுக்குள் நுழைந்தார். இந்தியாவிலிருந்து முதல் ஆள். அந்த வருடம் அமெரிக்கப் பந்தயத்தில் மிஷெலின் டயர் போட்ட 14 கார்கள் பாதுகாப்புக் காரணத்தால் தொடங்கும் முன்னே விலகிக்கொள்ள, மிச்சமிருந்த ஆறே கார்களில் நரேன் நான்காவதாக வந்தார். ஐந்து புள்ளிகள். ஃபார்முலா ஒன்னில் அவர் மொத்தமாக எடுத்த புள்ளிகளும் அவைதான்.

அதற்குப் பிறகு ஐந்து வருட இடைவெளி. 2011ல் எச்ஆர்டி அணியில் திரும்பி வந்தார். சீசன் பாதியில், ஜூலை மாதம், அவரை இறக்கிவிட்டு அந்த இருக்கையில் டேனியல் ரிக்கார்டோவை உட்காரவைத்தார்கள். ரிக்கார்டோ ரெட் புல் வளர்த்துக்கொண்டிருந்த பையன், அவனுக்கு அனுபவம் தேவைப்பட்டது. அக்டோபரில் கிரேட்டர் நொய்டாவில் முதல் இந்தியப் பந்தயம் நடந்தபோது நரேனுக்கு மறுபடி கார் கிடைத்தது. அன்று அவர் 17வது, ரிக்கார்டோ 18வது. முதலாவதாக வந்தவர் ரெட் புல்லின் செபாஸ்டியன் வெட்டல்.

*

மறுபடி செபாங். பந்தயம் மீண்டும் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஜென்சன் பட்டன் வந்து நரேன் மீது மோதினார். 2009ன் உலகச் சாம்பியன், ஒரு வாரம் முன்னால் ஆஸ்திரேலியாவில் ஜெயித்தவர். முன் இறக்கை உடைந்து, உள்ளே போய் மாற்றி, கடைசியில் 14வதாக முடித்தார். தப்பு தன்னுடையது என்று பட்டன் சொல்லிவிட்டார். அதோடு அந்த விஷயம் முடிந்தது. இன்று அது யாருக்கும் நினைவில்லை.

பந்தயம் முடியப் பத்துக்கும் குறைவான சுற்றுகள் இருந்தபோது நான்காவதாக ஓடிக்கொண்டிருந்த வெட்டல், ஒரு சுற்று பின்தங்கியிருந்த நரேனைத் தாண்டினார். தாண்டி முடிக்கும் நேரத்தில் அவருடைய பின் டயர் நரேனின் முன் இறக்கையில் உரசியது. டயர் கிழிந்தது. வெட்டல் 11வதாக முடித்தார். அன்று பத்தாவது இடம் வரைக்கும்தான் புள்ளி. பூஜ்யம்.

காரைவிட்டு இறங்கியதும் வெட்டல் பேசினார். முட்டாள் என்றார். ஜெர்மன் தொலைக்காட்சிக்குச் சொன்னது இன்னும் பிரபலம். சாதாரணச் சாலையில் சில வெள்ளரிக்காய்கள் ஓட்டிக்கொண்டு திரிவதுபோல இங்கேயும் சில திரிகின்றன என்பது அதன் சாரம். ஜெர்மனில் வண்டி ஓட்டத் தெரியாதவனை வெள்ளரிக்காய் என்று திட்டுவார்களாம். நடுவர்கள் நரேனுக்கு 20 வினாடி தண்டனை சேர்த்தார்கள். தன்னால் முடிந்த அளவு ஒதுங்கினேன், காய்ந்த பாதையை விட்டு ஈரத்தில் அதற்கு மேல் எங்கே போவது என்று நரேன் கேட்டார். தோற்றதும் அழுகிற குழந்தை என்று வெட்டலைத் திருப்பித் திட்டினார்.

திங்கட்கிழமை ஹாஸ்டலில் பெரிய சண்டை. என் ரூம்மேட் வெட்டல் ரசிகன். லேப்டாப் மூடியில் ரெட் புல் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான். 'மச்சான், நீலக்கொடி காட்டினா ஒதுங்கணும். அதுதான் ரூல். ஒதுங்கத் தெரியாதவன் ஏன் வரான்?' என்றான். நரேனுக்காக இரண்டு பேர் பேசினார்கள், இரண்டு பேரும் கோயம்புத்தூர்க்காரர்கள். அதனாலேயே அவர்கள் சொன்னதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நான் சின்னசேலத்துக்காரன். ஃபார்முலா ஒன் பார்க்கிறேன் என்பதே எனக்கு அந்த அறைக்குள் நுழையக் கிடைத்த டிக்கெட். தோற்கிறவனின் பக்கம் நின்று அதை இழக்க எனக்கு மனமில்லை. அன்று ராத்திரி மெஸ்ஸில் வெள்ளரிக்காய் போட்டிருந்தார்கள். யாரோ ஒரு துண்டை எடுத்து 'நரேன்' என்றார்கள். நான்தான் முதலில் சிரித்தேன்.

*

நீலக்கொடியின் விதி எளிமையானது. ஒரு சுற்று பின்தங்கியவர் பின்னால் வேகமான கார் வந்தால் கொடி காட்டுவார்கள். மூன்று கொடிக்குள் வழி விட வேண்டும், இல்லாவிட்டால் தண்டனை. பார்க்கப்போனால் இதுவும் ஒரு டீம் ஆர்டர்தான். உத்தரவு போடுவது அணி அல்ல, பந்தயமே.

டீம் ஆர்டரைப் பற்றி ரசிகர்கள் போட்ட சண்டைக்கு அளவே இல்லை. 1956ல் இத்தாலியின் மோன்சாவில் ஃபெராரியின் பீட்டர் காலின்ஸ், தானே சாம்பியன் ஆகும் வாய்ப்பு இருந்தும், வண்டி பழுதாகி நின்ற அணித்தலைவர் ஃபாஞ்சியோவுக்குத் தன் காரை இறங்கிக் கொடுத்தார். அப்போது அதற்கு அனுமதி இருந்தது. பட்டம் ஃபாஞ்சியோவுக்குப் போனது. காலின்ஸ் அடுத்த வருடங்களில் ஜெயித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கலாம். 1958ல் நியூர்பர்க்ரிங் தடத்தில் இறந்துபோனார். 26 வயது. அவரை எல்லோரும் கனவான் என்றார்கள். இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது.

2002 ஆஸ்திரியாவில் அதே ஃபெராரி, முதலிடத்தில் போய்க்கொண்டிருந்த பாரிச்செல்லோவைக் கடைசிச் சுற்றில் கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் மெதுவாக்கி, ஷூமாக்கருக்கு வெற்றியைக் கொடுக்கவைத்தது. கூட்டம் கத்தித் தீர்த்தது. ஷூமாக்கர் சங்கடப்பட்டு மேடையின் உச்சிப் படியில் பாரிச்செல்லோவை ஏற்றினார். அணிக்குப் பத்து லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. எதற்கு? வெற்றியை மாற்றியதற்கு இல்லை, மேடை ஒழுங்கைக் குலைத்ததற்கு. அந்த வருடக் கடைசியில்தான் டீம் ஆர்டரைத் தடை செய்தார்கள்.

தடை இருந்தால் வேறு மொழி பிறக்கும். 2010ல் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் ஃபெலிப்பெ மாஸாவின் ரேடியோவில் ஒரு தகவல் வந்தது. ஃபெர்னாண்டோ உன்னைவிட வேகமாக இருக்கிறான், புரிந்ததா என்று. மாஸா புரிந்துகொண்டார். அவர் தலையில் அடிபட்டுச் சாவைத் தொட்டுத் திரும்பிய நாளிலிருந்து சரியாக ஒரு வருடம். இந்த முறை ஒரு லட்சம் டாலர் அபராதம். அந்த சீசன் முடிந்ததும், நடைமுறைப்படுத்த முடியாத விதி என்று தடையையே எடுத்துவிட்டார்கள்.

இந்தக் கதைகளில் எல்லாம் வழி விட்டவருக்கு ஒரு முகம் இருக்கிறது. காலின்ஸுக்குக் கனவான் பட்டம், பாரிச்செல்லோவுக்கு மேடையின் உச்சி. மாஸாவிடம் அவருடைய இன்ஜினியர் ரேடியோவிலேயே மன்னிப்புக் கேட்டார். ரசிகர்கள் இவர்களுக்காகக் கோபப்பட்டார்கள். அதே ரசிகர்களில் யாரும் நீலக்கொடிக்கு ஒதுங்கியவருக்காக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு பந்தயத்தில் அவர் முப்பது, நாற்பது முறை ஒதுங்குவார். காய்ந்த பாதையை விட்டு, ரப்பர் துணுக்குகள் கிடக்கும் அழுக்குப் பக்கம் போவார். டயரில் குப்பை ஒட்டும், பிடிமானம் போகும், இன்னும் மெதுவாவார், இன்னும் சீக்கிரம் அடுத்த கொடி வரும். வழி விட்டால் பெயர் வராது, விடாவிட்டால் பெயர் கெடும்.

*

சரியாக ஒரு வருடம் கழித்து, 2013 மார்ச் 24, அதே செபாங். ரெட் புல்லின் மார்க் வெப்பர் முதலிடம், வெட்டல் இரண்டாமிடம். மல்டி 21 என்று அணி சங்கேதத்தில் சொன்னது. 2ம் எண் கார் முன்னால், 1ம் எண் கார் பின்னால், இப்படியே முடியுங்கள் என்று அர்த்தம். வெட்டல் கேட்கவில்லை. சண்டை போட்டுத் தாண்டி ஜெயித்தார். முதலில் மன்னிப்புக் கேட்டார். மூன்று வாரம் கழித்து சீனாவில், மறுபடி அதே நிலை வந்தால் மறுபடியும் அதைத்தான் செய்வேன், வெப்பர் அந்த வெற்றிக்குத் தகுதியானவர் இல்லை என்றார். முன்பு அணிக்கு உதவி தேவைப்பட்ட நேரங்களில் வெப்பர் உதவவில்லை என்பது அவர் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. வெப்பரும் 2011ல் சில்வர்ஸ்டோனில் இடைவெளியைக் காப்பாற்று என்ற உத்தரவை மீறி வெட்டலைத் தாண்டப் பார்த்தவர்தான்.

நாங்கள் அப்போது கடைசி செமஸ்டர். என் ரூம்மேட் அதே கட்டிலில் உட்கார்ந்து சொன்னான்: 'ரேஸ்னா ரேஸ்தான் மச்சான். ஒதுங்குன்னு சொன்னா ஒதுங்குறவன் சாம்பியன் கிடையாது.'

நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடத்துக்கு முன்னால் இதே ஆள், இதே கட்டில், இதே தடம். அன்று ஒதுங்கத் தெரியாதவன் முட்டாள், இன்று ஒதுங்குகிறவன் சாம்பியன் இல்லை. அவனிடம் கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல் 'அது வேற, இது வேற' என்றான்.

சட்டப்படி அவன் சொன்னது சரி. நீலக்கொடி விதிப்புத்தகத்தில் இருக்கிறது, மல்டி 21 இல்லை. ஆனால் வெள்ளரிக்காய்க்குச் சிரித்தபோது நாங்கள் விதிப்புத்தகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அந்தத் தடம் யாருடையது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். முன்னால் போகிறவருக்குத் தடம் சொந்தம், பின்னால் இருப்பவர் அதில் குடியிருக்கிறார். குடியிருப்பவர் உரசினால் குற்றம், சொந்தக்காரர் உரசினால் விபத்து. நடத்தை பற்றிய எங்கள் தீர்ப்பெல்லாம் இதற்குப் பிறகு வந்தவைதான்.

*

2012 சீசன் எப்படி முடிந்தது என்று பார்த்தால் இது இன்னும் வேடிக்கையாகும். நான்காம் இடத்துக்கு 12 புள்ளி, அதைத்தான் வெட்டல் செபாங்கில் இழந்தார். பந்தயத்தை ஜெயித்தவர் அலோன்சோ. வருடக் கடைசியில் வெட்டல் 281, அலோன்சோ 278. மூன்றே புள்ளி. நூலிழை மறுபக்கம் விழுந்திருந்தால் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரின் முன் இறக்கை உலகச் சாம்பியனைத் தீர்மானித்தது என்று எழுதியிருப்பார்கள்.

நவம்பரில் அபுதாபியில் நரேனின் கார் பழுதாகி மெதுவானபோது, பின்னால் வந்த ரோஸ்பெர்க்கின் கார் அவர் தலைக்கு மேலே ஏறித் தாவிப் போனது. இருவரும் பிழைத்தது அதிர்ஷ்டம். இரண்டு வாரம் கழித்து ஆஸ்டினில், முதலிடத்தில் இருந்த வெட்டல் மறுபடி நரேனுக்குப் பின்னால் சில வளைவுகள் மாட்டிக்கொள்ள, அந்த இடைவெளியில் ஹாமில்டன் நெருங்கிவந்து தாண்டி ஜெயித்தார். மறுபடி நரேன் பெயர் திட்டில் அடிபட்டது.

அதே ஆஸ்டினில்தான் ஃபெராரி இன்னொன்று செய்தது. அலோன்சோ தொடங்க வேண்டிய இடம் தடத்தின் அழுக்குப் பக்கம். மாஸாவின் கியர்பாக்ஸ் முத்திரையை அணியே வேண்டுமென்று உடைத்தது. மாஸாவுக்கு ஐந்து இடம் தண்டனை, அலோன்சோ ஒரு இடம் முன்னேறிச் சுத்தமான பக்கத்துக்கு வந்தார். விதிப்படி எல்லாம் சரி. அணி அதை வெளிப்படையாக ஒத்துக்கொள்ளவும் செய்தது. சாமர்த்தியம் என்று பாதிப்பேர் பாராட்டினார்கள். நன்றாக இருந்த காரை உடைத்தது சாமர்த்தியம், ஈரத்தில் ஒதுங்க இடமில்லாதது முட்டாள்தனம்.

அந்த வருடத்தோடு எச்ஆர்டி அணி மூடப்பட்டது. நரேன் ஃபார்முலா ஒன்னில் அதன் பிறகு ஓட்டவில்லை.

*

வேலைக்கு வந்த பிறகு இதை வேறு மாதிரி யோசிக்க நேர்ந்தது. பெயர் வேண்டாம், ஒரு கம்பெனி. எட்டு மாதம் உட்கார்ந்து எழுதிய ஒரு மாட்யூலை, கிளையண்ட் முன்னால் காட்டுவதற்கு முந்தின நாள், வேறொருவரிடம் கொடுக்கச் சொன்னார்கள். 'டீமுக்கு நல்லது' என்றார் மேனேஜர். கொடுத்தேன். டெமோ முடிந்து வந்த மெயிலில் என் பெயர் இல்லை. இதைப் பெரிய அநீதி என்று சொல்லமாட்டேன், எல்லா அலுவலகத்திலும் நடப்பதுதான். ஆனால் அன்று பஸ்ஸில் போகும்போது எனக்கு மாஸா நினைவுக்கு வரவில்லை. மெஸ்ஸில் சிரித்தது நினைவுக்கு வந்தது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பாவிடம் அந்த வீடியோவைக் காட்டினேன். சித்தப்பா லாரி டிரைவர். சின்னசேலத்திலிருந்து நாமக்கல் கோழித்தீவன ஆலைகளுக்கு மக்காச்சோளம் ஏற்றிப்போனவர், முப்பது வருட சர்வீஸ். சேலம்–உளுந்தூர்பேட்டை சாலையை அறிந்தவர்களுக்குத் தெரியும், நான்கு வழியாக வந்துகொண்டிருக்கும் சாலை ஊர்களின் புறவழியில் திடீரென்று இரண்டு வழியாகச் சுருங்கும். பல வருடம் அப்படித்தான் கிடந்தது. முந்தப் பார்த்துச் செத்தவர்கள் கணக்கில் சித்தப்பாவுக்குத் தெரிந்தவர்களும் உண்டு.

மூன்று முறை திருப்பிப் போடச் சொல்லிப் பார்த்தார். யார் யார் என்று நான் சொல்லவில்லை.

'ஓரமா போறவன் மேல என்ன தப்பு?' என்றார்.

'கொடி காட்டுனா ஒதுங்கணும் சித்தப்பா. அது அவங்க ரூல்.'

'ஒதுங்கிட்டுதானே இருக்கான். ஓவர்டேக் எடுக்கிறவன் முழுசா தாண்டுனானான்னு பாக்கணும்டா. மூக்கு தாண்டுனா போதுமா? வால் தாண்டணும். வால் தாண்டுற வரைக்கும் அவன் பொறுப்பு.'

கோயம்புத்தூர்க்காரர்கள்கூட இதை அன்று சொல்லவில்லை. நடுவர்கள் வேறு மாதிரி முடிவெடுத்தார்கள், அவர்கள் கையில் இருந்தது வேறு விதி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பட்டன் அன்றைக்கே இதைத்தான் செய்திருந்தார். மோதியவன் நான், தப்பு என்னுடையது என்று. அரை நிமிடப் பேச்சு. அதில் சண்டை போட ஒன்றும் இல்லாததால் நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவே இல்லை.

'அந்த ஓரமா போறவன் யாரு?' என்று கேட்டார் சித்தப்பா.

'நம்ம ஊர்க்காரர்தான். கோயம்புத்தூர்.'

'அப்படியா?' என்று போனை வாங்கி, நான்காவது முறை அவரே போட்டுப் பார்த்தார்.